முன்பாதி என்னிடம், பின்பாதி பாகலூரில்

ஓசூரில் இருந்துகொண்டு போர்க்கப்பல் செய்கிறேன் என்று சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. இங்கிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைப் பார்க்க அரை நாள் ஆகும். பிறகு அது சின்ன மாதிரிக் கப்பல்தான் என்று விளக்க வேண்டும். அதுவும் உண்மையில் இருந்த கப்பல் இல்லை, இருந்திருக்கக்கூடிய கப்பல் என்று விளக்க வேண்டும். அதற்குள் கேட்டவர் டீயைக் குடித்து முடித்து கிளாஸை வைத்துவிடுவார்.

விஷயம் இதுதான். பழைய போர்க்கப்பல்களின் பிளாஸ்டிக் உதிரிகள் பெட்டியில் அடைத்து விற்பனைக்கு வரும். வாங்குகிறவர்கள் படத்தில் உள்ளபடி ஒட்டி, வண்ணம் அடித்து, அலமாரியில் வைத்துவிடுவார்கள். எங்களுக்கு அது போதாது. உடைப்பதற்கு இழுத்துப்போன ஒரு கப்பலை உடைக்காமல் விட்டிருந்தால்? பீரங்கிகளைக் கழற்றிவிட்டு வேறு வேலைக்கு அதை மாற்றியிருந்தால்? அந்தக் கப்பல் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து, பெட்டியில் வந்ததை அறுத்து, நீட்டி, புதிதாகச் சேர்த்துச் செய்வோம். மனம்போன போக்கில் செய்துவிடவும் முடியாது. எடை எங்கே ஏறுகிறது, எவ்வளவு ஏறினால் கவிழும், ஹெலிகாப்டர் இறங்கினால் காற்று எந்தப் பக்கம் என்று எல்லாவற்றுக்கும் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத கப்பலை எங்கள் இருவரில் ஒருவர் இன்னொருவரின் வீட்டு மேஜையிலேயே மூழ்கடித்துவிடுவார்.

அந்த இன்னொருவர் எங்கள் கம்பெனியில் அச்சும் கருவியும் செய்கிற டூல் ரூமில் இருந்தார். நான் குவாலிட்டி. ஒருநாள் என் மேஜையில் சோதனைக்கு வந்திருந்த இரும்புச் சாமான்களுக்கு நடுவே விரல்நுனி அளவில் ஒரு சாம்பல்நிறப் பிளாஸ்டிக் துண்டு இருந்தது. ஜாப் நம்பர் என்ன என்று கேட்டேன்.

"நம்பர் இல்ல சார். அது கப்பலோட புகைபோக்கி. ரெண்டு பக்கமும் ஒரே உசரமான்னு மட்டும் பாத்து சொல்லுங்க" என்றார்.

பார்த்துச் சொன்னேன். ஒரு பக்கம் கொஞ்சம் உயரம். மறுநாள் சரிசெய்து கொண்டுவந்தார். எனக்கும் இந்தக் கிறுக்கு உண்டு என்று சொன்னபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நிறைய நினைத்துப் பார்த்திருக்கிறேன். இந்த வட்டாரத்தில் வேறு யாராவது இதைச் செய்கிறார்களா என்று அவர் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாராம். நானும்தான்.

அவருக்கு ஓசூரை ஒட்டிய பாகலூர்ப் பக்கம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். நிலத்தில் ரோஜா போட்டு அவருடைய அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தூத்துக்குடியிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன். துறைமுகத்துப் பக்கத்தில் வளர்ந்தவன் என்பதால் கப்பல் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. அவர் கல்யாணத்துக்குப் பிறகுதான் முதல்முதலாகக் கடலையே பார்த்திருக்கிறார். இதை வைத்து நான் அவரைச் சீண்டாத நாள் இல்லை.

"கடலப் பாக்காம வளந்த ஆளுக்குக் கப்பல் என்னத்துக்குவே?" என்பேன்.

"நீ பாத்து என்னா பண்ண குரு? போற கப்பலுக்குக் கை காட்டிக்கினு நின்ன. நான் செய்யறேன் இல்ல?" என்பார். கன்னடம் கலந்த இந்த வட்டாரத்தில் சிநேகிதனைக் 'குரு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். ஜூஜுவாடி ஸ்டாப்பைத் தாண்டுவதற்குள் ஒரு கப்பலின் பீரங்கியைக் கழற்றியிருப்போம், இறங்குவதற்குள் வேறொன்றைப் பொருத்தியிருப்போம். முன் சீட்டில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். என் வாழ்க்கையில் நான் அதிகம் சிரித்தது அந்த பஸ்ஸில்தான் என்று நினைக்கிறேன்.

சின்னச் சின்னதாக நிறையச் செய்த பிறகு, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெரிய கப்பல் செய்வது என்று முடிவானது. க்ரூசர் ரகப் பழைய போர்க்கப்பல் ஒன்றின் பெட்டி வாங்கினோம். செய்து முடித்தால் ஒரு கை நீளம் வரும். எங்கள் கற்பனை இப்படி: ஓய்வுபெற்ற அந்தக் கப்பலைப் பழைய இரும்புக்குப் போடாமல், புயலடித்த கரைகளுக்குப் போகும் ஆஸ்பத்திரிக் கப்பலாக மாற்றியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி என்பது என் யோசனை. கடற்கரைக்காரனுக்குப் புயல் என்றால் தெரியும். பின்பக்கப் பீரங்கிகளை எடுத்துவிட்டு ஹெலிகாப்டர் தளமும் கொட்டகையும் என்பது அவருடைய யோசனை. நோயாளிகளுக்குப் படுக்கை வேண்டுமே, அதற்காகக் கப்பலை நடுவில் அறுத்து, ஒரு புதுத் துண்டைச் செருகி நீளமாக்குவது என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுத்தோம். உண்மையான கப்பல் பட்டறைகளிலும் இப்படிச் செய்வதுண்டு.

வேலை நிறைய. அதனால் அறுத்ததும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். முன்பாதியும் நடுத்துண்டும் எனக்கு. பின்பாதி அவருக்கு. அவரவர் வீட்டில் முடித்து, கடைசியில் சேர்த்து ஒட்டுவது. படம் நான்தான் போட்டேன். அளவெல்லாம் சரியாகவே இருந்தது. ஒன்றே ஒன்றுதான் எழுதாமல் விட்டோம். இரண்டு சாமான்கள் ஒன்றோடொன்று சேர வேண்டுமென்றால், எதை அளவுக்கு முடிப்பது, எதை அதற்குப் பொருத்தமாக அரத்தால் அராவுவது என்று படத்தில் குறிக்க வேண்டும். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. கம்பெனியில் இப்படி ஒரு படம் வந்திருந்தால் நான் கையெழுத்துப் போடாமல் திருப்பியிருப்பேன். வீட்டு விஷயம்தானே என்று நானும் பார்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

பட்டறைப் படிப்பு படித்த யாருக்கும் முதலில் சொல்லித் தருவது, கோட்டின் மேல் அறுக்காதே, அரத்துக்குக் கொஞ்சம் விட்டு அறு என்பதுதான். அப்படி விடுகிற மிச்சத்துக்கு அலவன்ஸ் என்று பெயர். அவருக்கு அதை ஐ.டி.ஐ.யில் சொன்னார்கள், எனக்குப் பாலிடெக்னிக்கில். அவரும் விட்டார். நானும் விட்டேன். மற்றவர் அளவுக்கு முடித்திருப்பார், நாம் கடைசியில் பார்த்து அராவிக்கொள்ளலாம் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். பட்டறைப் பக்கம் போகாத இரண்டு பேர் செய்திருந்தால் கோட்டின் மேலேயே அறுத்து, அன்றைக்கே ஒட்டியிருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சேர்த்துப் பார்த்தோம். கப்பல் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூடுதல் நீளமாக இருந்தது. அந்த ஒரு நூல் சும்மா இருக்கவில்லை. இரண்டு பாதிகளின் மேலும் படுக்க வேண்டிய மேல்கட்டடம் அதன் துளைகளில் இறங்கவில்லை. யாராவது ஒருவர் அராவியாக வேண்டும். அதற்குள் இரண்டு பேருமே விளிம்புவரை வேலையை முடித்திருந்தோம். என் பக்கத்தில் வட்ட ஜன்னல்கள். மெல்லிய பித்தளைக் கம்பியை வளைத்து ஒவ்வொன்றுக்கும் வளையம் வைத்திருந்தேன். கீழ்வரிசைக் கடைசி ஜன்னல் விளிம்பை ஒட்டி இருந்தது. அவர் பக்கத்தில் ஹெலிகாப்டர் கொட்டகையின் கதவுச் சட்டம். அதுவும் விளிம்பை ஒட்டித்தான்.

"உம்ம பக்கம் அராவும்வே. நான் படத்துப்படிதான் செஞ்சிருக்கேன்" என்றேன்.

"நானும் படத்துப்படிதான் குரு. அலவன்ஸ் விட்டிருக்கேன். யாரு விடமாட்டாங்க?"

"விட்டா நீருதான எடுக்கணும்?"

"நீயும்தான விட்டிருக்க?"

வடை சுட்டுக்கொண்டிருந்த என் மனைவி வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். "ஆளுக்குப் பாதி தேய்ச்சா என்னவாம்?" என்றாள். விவரம் தெரியாதவளைப் பார்ப்பதுபோல இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அன்றைக்கு எங்களுக்குள் ஒற்றுமை இருந்தது.

கம்பெனியில் ஒரு சாமான் சரியில்லை என்றால் முதல் கேள்வி, தப்பு யார் பக்கம் என்பது. சரிசெய்வது அதற்கு அப்புறம்தான். தப்பு எந்தப் பக்கம் என்று முடிவாகாமல் சாமானைத் தொடக்கூடாது. தொட்டவன் தலையில் விழுந்துவிடும். எத்தனையோ வருஷம் அப்படியே பழகிய இரண்டு மூளைகள். அராவினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று இரண்டும் ஒரே மாதிரி நினைத்தன.

பேச்சு தடித்தது. "குவாலிட்டியில இருக்கவன் சொல்லுதேன், இது ரிஜெக்ட்" என்று சொல்லிவிட்டேன். அவர் தன் பாதியை மேஜையில் வைத்தார். பிறகு, "அடுத்தவன் செஞ்சதுல குத்தம் பாக்கறதுக்கு உனக்குச் சம்பளம். உன் கையால ஒரு பீஸு செஞ்சு குடுத்திருக்கியா கம்பெனிக்கு?" என்றார். எனக்கு அது உறைத்தது. அவர் பின்பாதியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். வடையைத் தொடவில்லை.

மறுநாள் பஸ்ஸில் அவர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னால். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. கொஞ்ச மாதத்தில் அவர் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டார். சொல்லிக்கொண்டு போவார் என்று அவர் போன அன்றைக்கு என் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் எழுந்து டூல் ரூம்வரை நடந்திருக்கலாம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் டூல் ரூம்.

இதில் வேடிக்கை, கப்பல் வேலையை இரண்டு பேருமே நிறுத்தவில்லை. அவர் தன்னுடைய பின்பாதியை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவார். ஹெலிகாப்டர் தளத்தில் வெள்ளைக் கோடு, ஓரத்தில் வலை, கொட்டகைக்குள் சின்ன விளக்கு. என்ன அழகான வேலை. நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன், ஒரு வார்த்தை போடமாட்டேன். நான் என் முன்பாதியைப் போடுவேன். யார் யார் பார்த்தார்கள் என்ற வரிசையில் அவர் பெயர் முதல் ஆளாக வந்துவிடும். அவரும் ஒன்றும் எழுதமாட்டார். நான் பார்த்தது அவருக்குத் தெரியும், அவர் பார்த்தது எனக்குத் தெரியும். அவர் கொட்டகையைக் கொஞ்சம் பெரிதாக்கியிருப்பதைப் பார்த்து, எடை பின்னால் ஏறுமே என்று நான் முன்பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டியைச் சேர்த்தேன். அடுத்த வாரமே அவர் படகுகளின் இடத்தை அதற்குத் தக்கபடி மாற்றினார். இப்படி ஒரு வார்த்தை பேசாமல் சேர்ந்தே செய்துகொண்டிருந்தோம். அந்த விளிம்பை மட்டும் இரண்டு பேரும் தொடவில்லை. பேசாமல் இவ்வளவு செய்யத் தெரிந்த எங்களுக்கு ஒரு போன் போடத் தெரியவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பிறகு அவர் ஸ்டேட்டஸ் வருவது நின்றது. என்னை மட்டும் மறைத்துவிட்டார் என்று நினைத்தேன். சரி, அவ்வளவுதானா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. நானும் போடுவதை நிறுத்தினேன்.

பல மாதம் கழித்து, பழைய டூல் ரூம் ஆள் ஒருவரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பேச்சுக்கு நடுவே, "உங்க கப்பல்காரர் இப்ப எப்டி இருக்காரு? கை வந்துச்சா?" என்று கேட்டார். எந்தக் கை என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தெரியாதா உங்களுக்கு? ஸ்ட்ரோக் வந்துச்சே. வலது பக்கம் பூரா போய்டுச்சு." நாங்கள் எப்படி இருந்தோம் என்று பார்த்தவர் அவர். எனக்குத் தெரியாமல் இருக்கும் என்று அவரால் நினைக்கவே முடியவில்லை.

அன்றைக்கே பாகலூர் போனேன். கதவைத் திறந்தது அவர் மனைவி. ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "வாங்கண்ணா, உக்காருங்க. வருவீங்கன்னு சொல்லிக்கினே இருந்தாரு" என்றார்.

அவர் ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தார். வலது கை மடியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. "குரு" என்றார். அதற்கு மேல் வார்த்தை வர நேரம் எடுத்தது. நான் அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் டி.வி. பக்கம் கண்ணைக் காட்டினார். அதன் பக்கத்தில் பின்பாதி இருந்தது. எடுத்துப் பார்த்தேன். விளிம்பு அராவப்பட்டிருந்தது. பழக்கதோஷம், என் கண் முதலில் குறையைத்தான் பார்த்தது. அராவிய பரப்பு மட்டமாக இல்லை. மேலே அளவுக்கு மீறி எடுத்திருந்தது, கீழே எடுத்தது போதவில்லை. கொட்டகைக் கதவுச் சட்டத்தில் அரம் வழுக்கிய கீறல்கள். நான் கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பக்கூடிய வேலை இல்லை. டூல் ரூமில் அவர் கை பட்ட எதுவும் இப்படி என் மேஜைக்கு வந்ததில்லை.

"இடது கையாலதாண்ணா" என்றார் அவர் மனைவி. "முட்டிக்கு நடுவுல வெச்சுக்கினு தேச்சுக்கினே இருப்பாரு. வீடெல்லாம் தூளு. குத்திக்கப் போறீங்க, விடுங்கன்னா கேக்கமாட்டாரு. குரு வந்தா ஒட்டணும், அவரு ஜன்னலு கெடக்கூடாதுன்னு சொல்றாரு. எந்த ஜன்னலுன்னு எனக்குப் புரியல."

எனக்குப் புரிந்தது. வெட்கத்தில் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெளியே பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸைப் பார்க்கிற மாதிரி எழுந்துபோய் நின்றுகொண்டேன். அவருடைய அண்ணன் அங்கே ரோஜா வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முன்பாதியையும் அரங்களையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் தன்னுடையதை இன்னும் சரிசெய்ய வேண்டும் என்று இடது கையை நீட்டினார். "உம்மது இருக்கட்டும்வே. அதான் அளவு. அதுக்குத் தக்கன நான் எடுக்கேன்" என்றேன். அவர் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு கையை மடக்கிக்கொண்டார்.

மேலே அவர் அதிகம் எடுத்த இடத்தில், நான் பிடிவாதமாக விட்டுவைத்திருந்தது இப்போது கைகொடுத்தது. கீழே நான் நிறைய எடுக்க வேண்டியிருந்தது. அவர் கோணல் எப்படிப் போகிறதோ அப்படியே என்னுடையதையும் சாய்த்து அராவினேன். கடைசி ஜன்னலின் பித்தளை வளையம் அரத்தில் கிறீச்சிட்டு, பிய்ந்து, மேஜையிலிருந்து கீழே விழுந்தது. அவர் அதைக் கண்ணால் தேடினார்.

இரண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். இணைப்பில் வெளிச்சம் கசிந்தால் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம்.

"தெரியுதா?" என்றார்.

அடிப்பக்கம் ஒரு முடி அளவுக்குத் தெரிந்தது. "இல்ல" என்றேன்.

அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "தெரியுது. பொய்... சொல்ற. இன்னும் அரம் போடு."

போட்டேன். மறுபடி பிடித்தேன். மறுபடி போடச் சொன்னார். கடைசியில் அவருக்குத் திருப்தியாகி, பசை தடவி இரண்டு பாதிகளையும் சேர்த்தோம். மேல்கட்டடம் அதன் துளைகளில் சத்தமில்லாமல் இறங்கியது. பசை இறுகும்வரை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் இடது உள்ளங்கையைப் பின்பாதியின் மேல் வைத்துக்கொண்டார்.

ஜன்னல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜன்னலு போச்சே" என்றார்.

"போவட்டும்வே. ஒரு ஜன்னல்தான."

அவர் வார்த்தைகளைச் சேர்க்க நேரம் எடுத்துக்கொண்டார். குரலில் கோபம் இல்லை, குறை சொல்லும் தொனியும் இல்லை. "இது... அன்னைக்கே போயிருந்தா" என்றார். "ஒட்டறதுக்கு எனக்கும் ரெண்டு கை இருந்துச்சு குரு."

பசை இன்னும் இறுகியிருக்கவில்லை. கப்பலை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.